போர்டு போச்சு என்கிறார்கள், நம்பலாமா? டிஜே கன்ட்ரோலர், மிக்சர் தேய்மானம் பற்றி

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக ஒரே டூ-சேனல் கன்ட்ரோலரையும் (லேப்டாப்பில் ஓடும் டிஜே மென்பொருளைக் கையால் இயக்குகிற பெட்டி) லேப்டாப்பையும் வைத்து ரிசப்ஷன், பிறந்தநாள் என்று வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி செய்கிறீர்கள். இப்போது இரண்டாவது சேனல் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளுகிற சறுக்குப் பிடியை, அடிவரை இறக்கினாலும் பாட்டு லேசாகக் கசிகிறது, ஏற்றும்போது கரகரக்கிறது, பிளே பட்டன் இரண்டு தடவை அழுத்தினால்தான் கேட்கிறது. கடையில் காட்டினால், "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். விலை கூடின மாடல் வாங்கினால் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: பொருள் மட்டமா, நான் கெடுத்துவிட்டேனா, அல்லது கடைக்காரர் தலையில் மிளகாய் அரைக்கிறாரா? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சென்னையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக ஆம்ப், மிக்சர், கன்ட்ரோலர் இவைதான் சோறு போடுகின்றன. நான் டிஜே இல்லை, எனக்குத் தாளம் கூட ஒழுங்காக வராது. எந்த மாடலில் பாட்டு மிக்ஸ் செய்யச் சுகம் என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்த மாடலின் எந்தப் பாகம் முதலில் தேயும் என்று கேட்டால் சொல்லத் தெரியும். உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எது நிச்சயம், எது ஊகம் என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஃபேடரைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு நீளமான பட்டையில் கரிப்பூச்சு பூசிய தடம். அதன் மேல் மெல்லிய உலோக நாக்கு ஒன்று, நுனியில் சீப்புப் பல் மாதிரி நாலைந்து விரல்களோடு, உரசிக்கொண்டே போகும். நீங்கள் மேலே தள்ளுகிற பிளாஸ்டிக் தொப்பி அந்த நாக்கைத்தான் இழுக்கிறது. உரசினால் தேயும், அவ்வளவுதான். தேய்ந்த கரித்தூள், உள்ளே போட்டிருந்த கிரீஸ், மேலே உள்ள பிளவு வழியாக விழுந்த தூசி மூன்றும் கலந்து கருப்புக் களிம்பாகத் தடத்தின் இரண்டு முனைகளிலும் ஒதுங்கும். முனையில் ஒதுங்குவதுதான் சிக்கல். நாக்கு கடைசிப் புள்ளியைத் தொட முடியாமல் களிம்பின் மேல் ஏறி நிற்கும். தொப்பி அடியில் இருக்கிறது, ஆனால் மின்சாரக் கணக்கில் அது இன்னும் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. நீங்கள் சொல்கிற கசிவு பெரும்பாலும் இதுதான்.

இதில் கன்ட்ரோலருக்கும் பழைய அனலாக் மிக்சருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய மிக்சர்கள் பலவற்றில் பாட்டே அந்தக் கரித்தடம் வழியாகத்தான் ஓடும். அதனால் தடத்தில் தூசி இருந்தால் ஸ்பீக்கரில் நேரடியாகக் கரகரப்பு கேட்கும். உங்கள் கன்ட்ரோலரில் ஃபேடர் வழியாகப் பாட்டு போவதில்லை. ஃபேடர் எங்கே நிற்கிறது என்பதைப் படித்து ஒரு எண்ணாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்புகிறார்கள். மிடி என்பது இசைப் பெட்டிகளும் கணினியும் பேசிக்கொள்கிற முறை; சாதாரண மிடி கணக்கில் அந்த எண் 0 முதல் 127 வரை. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மென்பொருள். ஆகவே உங்களுக்குக் கரகரப்பாகக் கேட்பது, அந்த எண் 60, 75, 58 என்று கண்டபடி துள்ளுவதால் வருகிற சத்தமாகத்தான் இருக்கவேண்டும்.

இதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சோதிக்கலாம். மென்பொருளில் மிக்சர் பகுதியைத் திரையில் வரவழையுங்கள். பாட்டு எதுவும் வேண்டாம். இரண்டாவது சேனல் ஃபேடரை ஒரு விரலால் மெதுவாக, பத்து நொடி எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழே இறக்குங்கள். திரையில் இருக்கிற ஃபேடரையே பாருங்கள். அது நடுவில் குதித்தாலோ, அடிக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டாலோ ஃபேடரில்தான் கோளாறு. மெயின் போர்டு அது சொன்ன எண்ணை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திரையில் அழகாக அடிவரை போய் உட்கார்ந்த பிறகும் பாட்டு கசிந்தால் ஃபேடர் மேல் பழி போடாதீர்கள், அமைப்புகளில் எங்கோ ஏதோ மாறியிருக்கிறது. கடையில் இன்னொரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றாம் சேனல், இரண்டாம் சேனல் இரண்டுக்கும் ஒரே ஃபேடர்தான். உள்ளே கனெக்டரில் செருகியிருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோளாறு ஒன்றாம் சேனலுக்குத் தாவினால் வழக்கு முடிந்தது.

அப்படியானால் மூன்று வருடத்தில் தேய்வது சரியா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இந்த மாதிரி சாதாரணக் கரித்தட ஃபேடருக்கு தயாரிப்பாளர்கள் கொடுக்கிற ஆயுள் பொதுவாக 10,000 முதல் 30,000 சுற்று வரை. ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு சுற்று. ஒரு ரிசப்ஷனில் அறுபது பாட்டு, பாட்டுக்கு நாலு தடவை ஃபேடரைத் தொடுகிறீர்கள் என்றால் 240. நடுவாக 15,000 என்று வைத்துக்கொண்டால் அறுபதுக்குச் சற்று மேல் நிகழ்ச்சியில் கணக்கு தீர்ந்துவிடுகிறது. நீங்கள் ஓட்டியிருப்பது கிட்டத்தட்ட முந்நூறு நிகழ்ச்சி. அந்த எண் ஃபேடர் சாகும் நாள் இல்லை, அதற்குப் பிறகு தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவதில்லை, அவ்வளவுதான். தாண்டியும் பல மடங்கு உழைப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆக, பொருளும் மட்டமில்லை, நீங்களும் கெடுக்கவில்லை. செருப்பு தேய்ந்த மாதிரி தேய்ந்திருக்கிறது. ஸ்கிராட்ச் செய்கிறவர்கள், அதாவது தட்டை முன்னும் பின்னும் இழுத்துச் சத்தத்தை வெட்டி வெட்டி வாசிக்கிறவர்கள், நிலைமை இன்னும் மோசம். நொடிக்கு மூன்று வெட்டு என்று இருபது நிமிடம் பயிற்சி செய்தால் 3,600. சாதாரண ஃபேடரின் பேப்பர் கணக்கு நாலைந்து நாளில் முடிந்துவிடும். அவர்கள் கிராஸ்ஃபேடருக்கு (ஒரு சேனலிலிருந்து இன்னொரு சேனலுக்கு மாற்றுகிற குறுக்கு ஃபேடர்) மட்டும் தனி வகை தேடி அலைவது இதனால்தான்.

சுத்தம் செய்தால் சரியாகுமா என்று அடுத்து கேட்பீர்கள். சில சமயம் ஆகும், ஆனால் எதை அடிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சைக்கிள் செயினுக்கும் துருப்பிடித்த கீலுக்கும் அடிக்கிற ஸ்பிரேயை அடித்து எடுத்து வருகிறார்கள். அடித்த அன்று வெண்ணெய் மாதிரி ஓடும். பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் தூசி வந்து ஒட்டி முன்னைவிட மோசமாகும். கான்டாக்ட் கிளீனர் என்றே தனியாக விற்கிறார்கள். அதிலும் ஒரு பாதகம் உண்டு. வெறும் கிளீனர் அழுக்கோடு சேர்த்துக் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஃபேடர் வறண்டு, சரசரவென்று ஓடி, சீக்கிரம் தேயும். அதனால் கழுவிய பிறகு ஃபேடருக்கென்று வருகிற மசகை ஒரு சொட்டு விடவேண்டும். நான் செய்வது இப்படி: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேடரைக் கழற்றி வெளியே எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, கிளீனர் விட்டு இருபது முப்பது தடவை ஓட்டி, உலரவிட்டு, பிறகு மசகு. கழற்றாமல் மேலிருந்து பீய்ச்சினால் அழுக்கு அப்படியே உள்ளே போர்டில் இறங்கும். இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் கோளாறு திரும்பி வந்தால் கரிப்பூச்சே போய்விட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத தடத்தை எந்தக் கிளீனரும் கொண்டுவராது. மாற்றத்தான் வேண்டும்.

பிளே பட்டன் கதை இதைவிடச் சின்னது. பட்டனுக்குக் கீழே ஆறு மில்லிமீட்டர் சதுரத்தில் டாக்ட் ஸ்விட்ச் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்குள் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மெல்லிய உலோகத் தகடு. அழுத்தினால் 'டிக்' என்று மடங்கித் தொடும், விட்டால் நிமிரும். வகையைப் பொறுத்து ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் அழுத்தல் வரை தாங்கும். பிளே, கியூ இரண்டும்தான் எப்போதும் முதலில் போகும், மற்ற பட்டன்களை யார் அவ்வளவு அழுத்துகிறார்கள்? ஸ்விட்ச்சின் விலை சில ரூபாய், சால்டர் வைத்து எடுத்து மாற்றுகிற கூலிதான் அதிகம். ஆனால் உங்கள் விஷயத்தில் இது ஸ்விட்ச்தான் என்று நூற்றுக்கு நூறு சொல்லமாட்டேன். லேப்டாப் திணறினாலும் முதல் அழுத்தல் தொலைந்த மாதிரி தோன்றும். மற்ற பட்டன்களும் அப்படியே இருந்தால் லேப்டாப்பையோ யுஎஸ்பி கேபிளையோ சந்தேகப்படுங்கள். அந்த ஒரு பட்டன் மட்டும் என்றால் ஸ்விட்ச்தான்.

சரி, கடைக்காரர் சொன்னது அப்போது முழுப் பொய்யா? அப்படியும் சொல்லமாட்டேன். ஃபேடரும் பட்டனும் ஒரே சமயத்தில் கெட்டதைப் பார்த்து, உள்ளே ஏதாவது கொட்டியிருக்குமோ என்று அவர் நினைத்திருக்கலாம். ஜூஸோ கூல்டிரிங்ஸோ ஒரு தடவை சிந்தியிருந்தால் சர்க்கரைப் பாகு போர்டில் படர்ந்து செம்புக்கோடுகளை மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். அது உங்களுக்குத்தான் தெரியும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால், மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடும்போது போர்டு போச்சு என்பதை நான் ஏற்கமாட்டேன். போர்டு போனால் பெட்டி பொதுவாக இப்படி அரைகுறையாக நடந்துகொள்ளாது. லேப்டாப் அதை அடையாளமே காணாது, அல்லது நடுநடுவே மொத்தமாகத் துண்டித்துக்கொள்ளும்.

உண்மையிலேயே போர்டைக் கொல்கிற விஷயம் தேய்மானம் இல்லை, கரண்ட். நம் ஊர் மண்டபங்களில் இதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் லோடைப் பொறுத்து 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம். சீரியல் செட் போடுகிறவர், ஜெனரேட்டர்காரர், சமையல்கட்டுக்கு லைன் இழுக்கிறவர் என்று நாலு பேர் ஒரே பெட்டியில் ஒயரைச் சொருகிக்கொண்டிருக்கும் இடத்தில் நியூட்ரல் தளர்வது அபூர்வம் இல்லை. ஒரு முகூர்த்த சீசன் முடிந்த வாரம், ஒரே மண்டபத்திலிருந்து ஒரு ஆம்ப், ஒரு மிக்சர், வீடியோக்காரரின் இரண்டு சார்ஜர் எல்லாம் என் மேஜைக்கு வந்தன. எல்லாவற்றிலும் உள்ளே வேரிஸ்டர், அதாவது அதிக வோல்ட்டேஜைத் தாங்கிக்கொள்ள வைத்திருக்கிற பாகம், வெடித்துக் கருகியிருந்தது. அன்றிலிருந்து என்னிடம் வருகிற டிஜேக்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். பிளக்கைச் செருகுவதற்கு முன், மண்டபத்து விளக்குகள் எல்லாம் எரியும்போது, ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். எண் 230-ஐ ஒட்டி நிலையாக நிற்கவேண்டும். விளக்கு போடப் போட ஏறி இறங்கி ஆடினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஓவர்வோல்டேஜ் வந்தால் தானாகத் துண்டிக்கிற கட்-ஆஃப் பெட்டி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அப்புறம், ஹம் சத்தம் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஹம்மை நிறுத்த ஆடியோ லைனில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போடலாம். எர்த்தை வெட்டினால் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் உயிருக்கு ஆபத்து.

மற்ற எதிரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகை மெஷினில் ஊற்றுகிற திரவத்தில் கிளைக்கால் வகைப் பொருள் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத பிசுக்காகப் பெட்டி மேல் படியும், தூசி அதில் ஒட்டும். மெஷினின் வாய் உங்கள் மேஜையைப் பார்க்காமல் இருக்கட்டும். திறந்தவெளி நிகழ்ச்சியில் மாலை நாலு மணி வெயிலில் கருப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருக்காதீர்கள். உள்ளே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏற ஏறப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. நாப்களின் ரப்பர் பூச்சு சில வருடத்தில் பிசுபிசுப்பது நம் ஈரக்காற்றுக்குச் சகஜம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். குட்டியானையில் ஏற்றும்போது ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் கன்ட்ரோலரை வைக்காதீர்கள், ஃபேடர் தண்டு ஒரு தடவை வளைந்தால் நிமிர்த்த முடியாது. ஒருமுறை ஒருவர் ஃபேடர் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறது என்று கொண்டுவந்தார். பிரித்தால் உள்ளே மஞ்சள் தடவிய ஒரு அரிசி. அட்சதை! மணமக்களுக்குப் போட்டது இவர் பெட்டிக்கும் ஆசீர்வாதமாக வந்திருக்கிறது. எடுத்துப் போட்டேன், ஃபேடர் ஓடியது. அதற்குக் காசு வாங்கவில்லை.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். விலை கூடினதை வாங்கினால் இது வராதா? வரும். தேய்கிற பாகம் எல்லாப் பெட்டியிலும் தேயும். விலை எங்கே உதவும் என்றால், அந்தப் பாகத்தைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா என்பதில். கடையில் பெட்டியை வாங்குவதற்கு முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். கிராஸ்ஃபேடர் தகட்டின் இரண்டு பக்கமும் வெளியிலேயே திருகு தெரிகிறதா? தெரிந்தால் பெரும்பாலும் அதை மேலிருந்தே கழற்றி மாற்றலாம். பின்பக்க சாக்கெட்டுகளைச் சுற்றி உலோக நட் போட்டுத் தகட்டோடு இறுக்கியிருக்கிறார்களா? நட் இருந்தால் கேபிளை இழுக்கிற இழுப்பைத் தகடு வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இழுப்பும் போர்டில் உள்ள சால்டர் மேல் விழும், ஒரு நாள் விரிசல் விட்டு ஒரு பக்கச் சத்தம் வந்து வந்து போகும். யுஎஸ்பி சாக்கெட்டுக்கும் இதே வியாதிதான். இந்த இரண்டும் சரியாக இருக்கிற நடுத்தர விலைப் பெட்டி, இல்லாத பெரிய விலைப் பெட்டியைவிட மேல் என்பது என் கட்சி.

உரசலே இல்லாத ஃபேடர்களும் உண்டு. நாக்குக்குப் பதில் காந்தம், தடத்துக்குப் பதில் சென்சார். ரேன் கம்பெனி டிடிஎம் 56 மிக்சரில் காந்த ஃபேடர் கொண்டுவந்தது. பயனியர் டிஜே தன் மேக்வெல் ஃபேடர் ஒரு கோடி அசைவுகளுக்கு மேல் தாங்கும் என்கிறது. ஸ்கிராட்ச் செய்கிறவருக்கு அது பணத்துக்கு ஏற்ற பொருள். ரிசப்ஷனில் பாட்டு மாற்றுகிற உங்களுக்கு அந்தக் கூடுதல் காசு தேவையா என்பது எனக்குச் சந்தேகம்தான். இன்னொரு திசையில் பார்த்தால், 1970களில் நியூயார்க் கிளப்புகளில் இருந்த போஸாக் மிக்சர்களில் சேனலுக்குச் சறுக்குகிற ஃபேடரே கிடையாது, எல்லாம் திருகுகிற நாப். திருகுகிற நாப்புக்குக் கீழே இருக்கிற பாகம் ஒரு மூடிய டப்பா. மேலே திறந்த பிளவு இல்லை, தூசி விழாது. அந்தக் காலத்துப் பெட்டிகளை இன்றும் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள்.

நீண்ட ஆயுளுக்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள். 1972-ல் வந்தது, டிஜேக்கள் கொண்டாடுகிற எம்கே2 1979-ல். 2010-ல் தயாரிப்பை நிறுத்தி, 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாற்பது வருடப் பழைய மெஷின்கள் இன்றும் ஓடுகின்றன. அதில் பெல்ட் கிடையாது, தட்டின் அடியில் உள்ள காந்தமே மோட்டாரின் ஒரு பாதி, அதனால் தேய்வதற்கு அதிகம் இல்லை என்பது ஒரு காரணம். அதே அளவுக்கு முக்கியமான காரணம், அதன் சின்னச் சின்னப் பாகமெல்லாம் கடையில் கிடைப்பது. இதற்கு நேர்மாறாக, வெஸ்டாக்ஸ் என்ற ஜப்பானியக் கம்பெனி ஸ்கிராட்ச் மிக்சர்களில் பேர்போனது. 2014-ல் திவாலானது. அதன் மிக்சர்கள் இன்னும் பலரிடம் இருக்கின்றன, ஒரிஜினல் பாகத்துக்குத்தான் அலையவேண்டும். ஷ்யூர் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் (டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்குகிற பாகம்) தயாரிப்பையே நிறுத்தியபோது, எம்44-7 ஊசியை நம்பியிருந்தவர்களுக்கும் இதே கதி. ஆகவே, எத்தனை வருடம் உழைக்கும் என்று கடையில் கேட்காதீர்கள். அதற்கு யாரும் பத்து என்றுதான் சொல்வார்கள். இந்த மாடலுக்கு ஃபேடர் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு மாடலைப் பாருங்கள்.

பழையது வாங்குகிற யோசனையும் உங்களுக்கு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் மேலே சொன்ன திரைச் சோதனையை எல்லா ஃபேடருக்கும் செய்து, ஒவ்வொரு பட்டனையும் இருபது தடவை அழுத்தி, பாட்டு ஓடும்போது யுஎஸ்பி கேபிளை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அடிப்பக்கத் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஏன் திறந்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டியை நான் இப்போதைக்குத் தூக்கிப் போடமாட்டேன். திரைச் சோதனையைச் செய்யுங்கள். அடியில் மாடல் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதற்கான ஃபேடர் கிடைக்கிறதா என்று ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ விசாரியுங்கள். ஒரிஜினல் கிடைக்காவிட்டால் அதே நீளம், அதே ஓம் மதிப்பு, அதே பின் அமைப்பு உள்ள வேறு ஃபேடர் பொருந்தும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வாங்காதீர்கள். இரண்டாகவே வாங்குங்கள், ஒன்றாம் சேனலும் அதே வயதுதான். பிறகு வேறு கடைக்குப் போய், "போர்டைப் பாருங்க" என்று சொல்லாமல், "இரண்டாம் சேனல் ஃபேடரும் பிளே ஸ்விட்ச்சும் மாத்தணும்" என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் ஃபேடர் எங்கே நின்றது என்பதையும் மாடல் எண்ணையும் இங்கே எழுதினால், ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு பார்த்துச் சொல்கிறேன்.